பின்னலும் வலைப்பின்னலும்: திருப்பூரின் நூறாண்டுக் கணக்கேடு

கூந்தலுக்கும் கூடைக்கும் பனியன் துணிக்கும் பொதுவாக வழங்கும் சொல் பின்னல். கணினிகள் பல ஒன்றோடொன்று தொடர்புற்று இயங்கும் அமைப்புக்குத் தமிழ்ப்பெயர் தேடியோரும் அச்சொல்லையே நாடி ‘வலைப்பின்னல்’ என்றனர். இவ்விரு பின்னல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓர் ஊரின் அன்றாட வாழ்வை மாற்றி வருவதைக் காண விழைவோர் திருப்பூருக்குச் செல்லலாம். அங்கே தையல் இயந்திரம் தன் வேலையைத் தானே எண்ணிச் சொல்கிறது. சாயக்கழிவு நீரின் அளவைக் குழாயில் பொருத்திய மானி தலைநகருக்கு அறிவிக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த இளைஞரின் வாரக்கூலி, அவர் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் ஊரிலிருக்கும் தாயின் வங்கிக் கணக்கை அடைகிறது.

இதனை நேற்று முளைத்த புதுமையென எண்ணுவோர் பலர். ஆயின் திருப்பூரின் வரலாறு முழுவதுமே தொடர்புகளின் வரலாறு எனலாம். புதிய தொடர்பு ஒன்று வந்தபோதெல்லாம் அவ்வூரில் ஒரே வினா எழுந்திருக்கிறது: கணக்கை எழுதுபவர் யார்? அதனைப் படிக்கும் உரிமை யாருக்கு? இவ்வினாவைத் துணையாகக் கொண்டு அந்த நூறாண்டை நாம் இங்கே நோக்க முற்படுகிறோம்.

கல்கத்தாவிலிருந்து வந்த பொறி

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கி இடப்பட்ட இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் திருப்பூர் வழியாகச் சென்றது. பாதையோடு தந்திக் கம்பியும் வந்தது. கொங்கு நாட்டுப் பருத்தி கூடும் சந்தையாகத் திருப்பூர் வளர்ந்ததற்கு இவ்விரண்டும் உறுதுணையாயின. தொலைவிலுள்ள சந்தையின் விலையைக் கம்பி வழியே அறிந்தவன் வணிகனானான். அறியாதவன் அவன் சொன்ன விலைக்கு விற்றான். செய்தியை முதலில் பெறுபவனே பேரத்தை முடிவு செய்பவன் என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

பனியன் தொழிலின் தோற்றுவாய் நம் வாசகர்கள் பலரும் அறியாத ஒன்று. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர், கல்கத்தாவில் தாம் கண்ட கையால் சுற்றும் பின்னல் பொறிகளை வருவித்து, ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் ஊரின் முதல் பனியன் ஆலையை நிறுவினார் எனத் தொழில் வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். பின்னாளில் வேளாண் குடிகளிலிருந்து வந்த கொங்கு மக்கள் பெருமளவில் இத்தொழிலில் நுழைந்தனர். தொழிலாளியாகச் சேர்ந்து, உழைப்பையே முதலாக்கி, முதலாளியாக உயர்ந்தோரின் கதையை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகப் பேசுகிறது.

அந்நாளைய பனியன் கம்பெனியில் கணக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று முதலாளியின் பேரேடு. மற்றொன்று பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு குறிப்பேடு. சனிக்கிழமை மாலை சம்பளம் வழங்கும் வேளையில் இரண்டும் ஒப்பிடப்பட்டன. வேறுபாடு தோன்றினால் வழக்கும் தோன்றியது. வழக்கிட இடமிருந்தது, ஏனெனில் இருவர் கையிலும் எழுத்து இருந்தது.

1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரித் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் உற்பத்தி ஒரே கூரையின்கீழ் நிகழ்வது குறைந்து, நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் வேறிடம் எனச் சிதறியது. துணி மூட்டை மிதிவண்டியிலும் சிறுவண்டியிலும் தெருத்தெருவாகப் பயணம் செய்தது; அதனுடன் டெலிவரி சலானும் பயணம் செய்தது. கணினி வருமுன்னரே திருப்பூர் ஒரு வலைப்பின்னலாக இயங்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதன் கண்ணிகள் மனிதர்கள். அதன் தரவு அச்சலான்.

நிறம் எண்ணான கதை

1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற ஆடை இறக்குமதியாளர் திருப்பூருக்கு வந்ததையே ஏற்றுமதியின் தொடக்கமாக ஊரார் குறிப்பிடுகின்றனர். 1980களில் ஐரோப்பியக் கொள்முதலாளர் பலர் பின்தொடர்ந்தனர். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. டெலெக்ஸ், தொலைநகல், 1995 ஆகஸ்டில் இந்தியப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம் என அடுத்தடுத்து வந்த சாதனங்கள் ஹாம்பர்க் நகரத்துக் கொள்முதல் அதிகாரியையும் அவிநாசி சாலையிலுள்ள மெர்ச்சண்டைசரையும் ஒரே மேசைக்கு எதிரெதிரே அமர்த்தின.

ஒரு சிறு மாற்றம் இதனைத் தெளிவாக்கும். முன்னாளில் சாயத்தின் ஒப்புதல் கண்ணால் நிகழ்ந்தது. பட்டறை மாஸ்டர் சிறு துண்டுத் துணியைத் தோய்த்துக் கூரியரில் அனுப்புவார். வாங்குபவர் அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆம் என்றோ அன்று என்றோ மறுமொழி விடுப்பார். இன்று நிறமானி அதே துணியின் நிறத்தை மூன்று எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்கள் கடல் கடந்து நொடியில் செல்கின்றன. காலம் மிச்சமாயிற்று, தகராறு குறைந்தது, இவை நன்மைகளே. ஆயினும் ஒரு தலைமுறை சேர்த்து வைத்திருந்த கண்ணின் தேர்ச்சி கருவிக்குள் குடிபுகுந்தபின், மாஸ்டரின் சொல்லுக்கு இருந்த எடை குறைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2004ஆம் ஆண்டின் இறுதியோடு உலக ஆடை வணிகத்தில் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. யாரிடம் அனுமதிச் சீட்டு உள்ளது என்ற கேள்வி மறைந்து, யார் விரைவாகவும் மலிவாகவும் தருவார் என்ற கேள்வி எழுந்தது. விரைவை மெய்ப்பிக்கக் கணக்கு வேண்டும். ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆண்டு ஏற்றுமதி என்னும் அளவுக்கு ஊர் வளர்ந்ததில் அக்கணக்குக்கும் பங்குண்டு.

இயந்திரத்தின் நாக்கு

பெரிய ஆலைகளின் தையற் பிரிவில் நாம் காணும் காட்சி இது. வெட்டிய துணிகள் கட்டுக் கட்டாக வருகின்றன. ஒவ்வொரு கட்டிலும் பட்டைக் குறியீடோ சில்லு பொருத்திய அட்டையோ உண்டு. ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண், கட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அவ்வட்டையை அருகிலுள்ள சிறு கருவியில் காட்டுகிறார். ஒரு தோளைத் தைக்க அரை நிமிடம் என்று வகுத்திருந்தால் மணிக்கு 120 உருப்படிகள் வரவேண்டும். வந்தனவா என்பதைத் தலைக்கு மேல் தொங்கும் திரை பச்சையிலும் சிவப்பிலும் காட்டுகிறது. அவர் நீர் அருந்த எழுந்த நான்கு நிமிடமும் அதில் பதிவாகிறது. ஊசி முறிந்ததாலோ, கட்டு வரத் தாமதமானதாலோ ஏற்பட்ட இடைவெளியைத் தனியே குறிக்காத கருவியாயின், அதுவும் அவர் பெயரிலேயே ஏறிவிடும்.

பின்னல் தொழிலும் இயந்திரமும் பற்றிய இவ்வழக்கு மிகப் பழையது. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தது 1589இல். அதே தொழிலைச் சேர்ந்த நாட்டிங்ஹாம் பகுதிப் பின்னற்காரர்கள் 1811இல் பொறிகளை உடைத்தனர். லுத்தியர் எனப்பட்ட அவர்களை இயந்திரப் பகைவர் என்று வரலாறு எள்ளிற்று. உண்மையில் அவர்களுடைய குறை, கூலியைக் குறைத்ததும் தரங்கெட்ட சரக்கை உற்பத்தி செய்ததும் பற்றியது. தம் தலைமுறைகளுக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்ட பொறியில்தான் அவர்களும் நாள்தோறும் வேலை செய்துவந்தனர்.

திருப்பூர்த் தையற்காரரும் கருவியை வெறுக்கவில்லை. பன்னிரண்டு மணிநேர வேலையை ஒன்றரை ஷிப்டாகக் கணக்கிடும் ஊரில், நேரம் துல்லியமாகப் பதிவாவது தொழிலாளிக்கே நன்மையாக முடியலாம். ஆயின் ஒரு நிபந்தனை உண்டு: அப்பதிவு அவர் கைக்கும் வரவேண்டும். சட்டைப் பையிலிருந்த குறிப்பேடு மறைந்துவிட்டது. அதன் இடத்தை நிரப்ப எதுவும் தரப்படவில்லை எனில், இரண்டாக இருந்த கணக்கு ஒன்றாகிவிட்டது என்பதே பொருள். நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்குப் பணியாளரின் ஒப்புதல் இன்றியே அவருடைய தரவைக் கையாள இடமளிக்கிறது.

ஆற்றின் சாட்சியம்

அளக்கும் கருவியைத் தொழிலின் பகையென்று முடிவு கட்டுமுன் நொய்யலின் கதையைக் கேட்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூரினூடே பாய்ந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு இது. கீழ்நிலத்துக்குப் பாசனம் அளிக்கும் நோக்குடன் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. அதில் தேங்கியது சாயக்கழிவு. கிணறுகள் உவர்ந்தன, தென்னைகள் பட்டன, அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன உழவரே வேண்டும் விந்தை நிகழ்ந்தது.

உழவர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுடைய வழக்குக்கு வலுவூட்டியது எண். கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. தண்ணீர் மாதிரிகள் அதனை மீறியதைக் காட்டின. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், கழிவை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாறவேண்டும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் வேலையிழந்தனர். மறுபடி திறந்தவை, நீரைச் சவ்வூடு வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடு திறந்தன.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் பெரும் மாசு விளைக்கும் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இடையறா இணையக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. ஆய்வாளர் எப்போது வருவார் என்று முன்னறிந்து குழாயை மூடும் கலைக்கு அது ஒரு தடை. இஸ்லாமிய நகரங்களில் ‘ஹிஸ்பா’ என்னும் அங்காடிக் கண்காணிப்பை நடத்திய முஹ்தஸிபுக்கென 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கையேடு, சாயந்தோய்ப்போருக்கும் பஞ்சு கொட்டுவோருக்கும் தையற்காரருக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பது நம் கருத்தைக் கவர்கிறது. அவ்வதிகாரியின் ஆய்வு நடந்த இடம் கடைவீதி. விற்பவர், வாங்குபவர் இருவரும் அதனைக் கண்ணால் கண்டனர். இன்றைய மானியும் அத்தகைய பகிரங்கத்தைப் பெற வேண்டும். கீழ்நிலத்து உழவர் தம் ஊராட்சி அலுவலகச் சுவரில், தமக்குப் புரியும் தமிழில், நேற்றைய அளவைப் படிக்க முடிந்தால்தான் அம்மானி அவருக்கும் சாட்சியாகும்.

அறிவிப்பாளர் இல்லாச் செய்தி

கருவிகளோடு மனிதரும் இணைந்துள்ளனர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்கம் ஆகிய மாநிலத்தாரைக் குடும்பத்தோடு பிணைத்திருப்பது கைப்பேசி. அதே கைப்பேசி 2023 மார்ச்சில் ஊரையே கலங்கடித்தது. தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. வேறிடத்து, வேறு காரணத்து வன்முறைகளை ஒட்டுப்போட்டுத் திரித்த பொய்கள் அவை. வீட்டார் அழுது அழைத்தனர். பலர் இரயில் நிலையத்துக்கு விரைந்தனர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் வந்து தொழிலாளரை நேரில் கண்டது. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் விளக்கம் அளித்தன. அச்சம் மெல்லத் தணிந்தது.

ஹதீஸ் கலை வளர்த்த நம் முன்னோர், ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர். ஒவ்வொரு கண்ணியின் நம்பகத்தையும் எடைபோட்டனர். வாட்ஸ்அப் 2018 முதல் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறிப்பை ஒட்டி வருகிறது. யார் அனுப்பினார், எங்கிருந்து தொடங்கிற்று என்பதை அக்குறிப்பு சொல்வதில்லை. தொடரில்லாச் செய்தி நொடியில் ஆயிரம் கைகளுக்குச் செல்லும் காலத்தில், அப்பழைய ஒழுங்கின் அருமை புலனாகிறது.

முடிவாக

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழலியல் வடிவமைப்புச் சட்டம், பொருள்களுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு வழங்க வழிவகுக்கிறது. ஆடைகள் அதன் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. இனி ஒரு பனியனின் குறியீட்டைக் கைப்பேசியில் படித்து அதன் பிறப்பு வரலாற்றைப் பாரிஸ் நகரத்துப் பெண்மணி அறியக்கூடும். நல்லதே. அப்பனியனைத் தைத்த பெண் தம் ஒரு நாள் வேலையின் பதிவைப் படிக்க முடியுமா என்பதே நம் கவலை.

இருபுறமும் படிக்கக் கிடைத்த கணக்கு நீதிக்கு வழி செய்திருக்கிறது. ஒருபுறம் மட்டும் படிக்கக் கிடைத்தது வலியவர் கையில் கோலாகியிருக்கிறது. நொய்யலின் எண்கள் நீதிமன்ற மேசைக்கு வந்ததால் சட்டம் அசைந்தது. தையற்காரரின் எண்களும் அவர் கைப்பேசிக்கு, அவர் மொழியில், வாரந்தோறும் வரட்டும். சனிக்கிழமை மாலை இரு கணக்கும் மீண்டும் ஒப்பிடப்படட்டும். ஆலை நடத்துவோரில் நம் வாசகர் சிலரும் உண்டு. குலாம் காதரின் பொறி தொடங்கிவைத்த நூறாண்டுக்குச் செலுத்தும் நன்றியாக அவர்களே இதனைத் தொடங்கிவைக்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.