தனியுரிமைத் தீர்ப்புகளின் வரலாறு

இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை உரிமைகள் பகுதியில் தனியுரிமை என்னும் சொல் யாண்டும் காணப்பெறவில்லை. எனினும், 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அஃது அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். எழுதப்பெறாத உரிமையொன்று ஏற்கப்பெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் நோக்கத்தக்கது 1954ஆம் ஆண்டின் எம். பி. சர்மா வழக்கு. நிறுவனமொன்றின் ஆவணங்களைக் கைப்பற்ற நிகழ்ந்த சோதனைகளை எதிர்த்து எழுந்தது அது. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை ஒத்த விதி நம் சட்டத்தில் இன்மையின், அதனை வலிந்து புகுத்தல் ஆகாது என எண்மர் ஆயம் கருதிற்று.

அடுத்தது 1962ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கு. கொள்ளை வழக்கொன்றில் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பெற்ற அவர்மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை சரித்திரப் பதிவேடு திறந்தது. அவர்தம் இல்லத்தைக் கண்காணித்தது. நள்ளிரவில் கதவைத் தட்டியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி இராசகோபால ஐயங்கார், இரவில் வீட்டிற்குச் செல்லுதல் 21ஆம் பிரிவிற்கு மாறானது என்றார். ஆயினும், தனியுரிமை உறுதி செய்யப்பெற்றதன்று எனக் கூறி, ஏனைய கண்காணிப்பை நிலைநிறுத்தினார். இல்லத்தின் தூய்மையைப் போற்றும் தீர்ப்பு, அத்தூய்மைக்கு அடிப்படையாகிய உரிமையை மறுத்தது முரணன்றோ? நீதிபதி சுப்பா ராவ் இம்முரணைக் கண்டார். இடையறாது கண்காணிக்கப்படுபவன் உடலால் கட்டுறாவிடினும் உள்ளத்தால் கட்டுண்டவனே என்பது அவர் கருத்தின் சாரம். நீதிபதி ஷா அவரோடு உடன்பட்டார். பெரும்பான்மையை எழுதியவரும் மறுத்து எழுதியவரும் முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளாய் விளங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1975இல் கோவிந்த் வழக்கில் நீதிபதி மேத்யூ, தனியுரிமை உண்டெனக் கொண்டாலும் அது வரம்பற்றதன்று என்று எழுதினார். 1994இல் தமிழ்நாட்டில் தோன்றிய இராசகோபால் வழக்கு மேலும் தெளிவு தந்தது. மரண தண்டனை பெற்ற சிறைவாசி ஒருவரின் தன்வரலாற்றை இதழொன்று வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். தனித்து விடப்பெறும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்ற நீதிமன்றம், அலுவலர்தம் கடமைச் செயல்களை மறைக்கும் திரையாக அது பயன்படாது எனவும் விளக்கிற்று. பேராயங்களின் கூற்றுகளைச் சிற்றாயங்கள் இவ்வாறு கடந்து சென்றமையே பின்னர்ப் பூசலுக்கு வித்தாயிற்று.

ஆதார்த் திட்டத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், எண்மர் ஆயத்தின் கூற்றே கட்டுப்படுத்தும் என அரசு 2015இல் வாதிட்டது. அதனாலேயே ஒன்பதின்மர் ஆயம் அமைக்க நேர்ந்தது. அவ்வாயம், தனியுரிமையை மறுத்த அளவில் 1954, 1962 தீர்ப்புகளை நீக்கியது. சுப்பா ராவின் மறுப்புரை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று.

ஆயினும் உரிமை ஏற்கப்பெறுதல் வேறு; காக்கப்பெறுதல் வேறு. தலையிடுவதற்குச் சட்டம் வேண்டும், நேரிய நோக்கம் வேண்டும், அளவும் பொருந்துதல் வேண்டும் என 2017இல் வகுத்த நெறியைக் கொண்டே, 2018 செப்டம்பர் 26 அன்று நால்வர் ஆதார்ச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றனர். நீதிபதி சந்திரசூட் ஒருவர் முற்றும் மறுத்தார். 2023இல் இயற்றப்பெற்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களால் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மைய அரசிற்கு இடந்தருகிறது. ஆதலின், உரிமை உண்டா என்னும் வினா தீர்ந்தது. அளவினை நிறுப்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. 1962இன் சிறுபான்மை உரை பிற்காலத்து வென்றதை நோக்குவார், 2018இன் மறுப்புரையையும் எளிதில் ஒதுக்கார்.