வேலை போனால் வீடும் போகும்: தோட்டம் என்ற கம்பெனி ஊர்

வேலை கொடுக்கும் நிறுவனமே வீடு, பள்ளி, மருந்தகம், கடை எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்கும் இடத்தைக் 'கம்பெனி ஊர்' என்பார்கள். நம் நாட்டு ரப்பர் தோட்டங்களும் அத்தகைய ஊர்களாகவே இருந்தன.

கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களுக்குத் தோட்ட நிர்வாகம் லய வீடுகளைக் கொடுத்தது. 7 முதல் 14 வயது வரையிலான 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்றுள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்டத்தில் பிறந்தவையே. கோயில், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தன.

வசதிகளோடு கட்டுப்பாடும் வந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வை மட்டும் கேட்கவில்லை. உறவினர்கள் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினர். போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

வீடு நிர்வாகத்துடையது என்பதன் முழு விளைவு சுதந்திரக் காலத்தை ஒட்டித் தெரிந்தது. வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலை இழந்தவர்கள், தலைமுறையாக வாழ்ந்த லயத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. இதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, அவர்களையே தோட்டத்தின் பங்குதாரர்களாக்குவது அதன் நோக்கம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது.

பின்னர் தோட்டங்கள் பல நகரங்களாக மாறின. பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்றைய புத்ராஜெயா நிற்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. ஆனால் வீட்டைத் தரமாக வைத்திருப்பது வேறு, அதைத் தொழிலாளருக்குச் சொந்தமாக்குவது வேறு. அதனால்தான் ஒரு தோட்டம் கைமாறுகிறது என்றதும், "எங்களுக்கு வீடு எங்கே?" என்பதே முதல் கேள்வியாக எழுகிறது.