மில் ஹில் வைத்தியரும் ஒளிந்திருக்கும் கிருமியும்

கணக்கெழுதுபவருக்குக் கசநோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். இந்த வரலாற்றில் கணக்கும் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது.

எஜ்வெயர், ஹென்டன், கொலின்டேல் பக்கம் நீண்டகாலம் வசித்தவர்களுக்கு மில் ஹில் மேட்டில் பச்சைக் கூரையோடு நின்ற பெரிய கட்டடம் நினைவிருக்கும். தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அதில்தான் இயங்கியது. அங்கே முதுமையிலும் ஆராய்ச்சி செய்தவர் வைத்தியர் பிலிப் டார்சி ஹார்ட். 1900இல் பிறந்து 2006இல், தமது 106ஆவது வயதில் மறைந்தவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். கசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவிடம் டொலர் இல்லை, ஆகவே கிடைத்த மருந்தும் கொஞ்சம். மருத்துவ ஆராய்ச்சிச் சபை அதை முறையாகப் பரிசோதிக்க ஒரு குழு அமைத்தது. குழுவின் செயலாளர் ஹார்ட், புள்ளிவிபரம் பிராட்போர்ட் ஹில். எந்த நோயாளிக்கு மருந்து என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், மூடிய உறைக்குள் இருந்த சீட்டே தீர்மானித்தது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதற் பிரிவில் இறந்தவர்கள் 4 பேர், மற்றதில் 14 பேர். 1948இல் முடிவு வெளியானது.

அவர்கள் அந்த ஆறுமாதக் கணக்கோடு ஏட்டை மூடிவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒரு மருந்து போதாது, சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற பாடம் கிடைத்தது.

ஹார்ட் 1948 முதல் 1965 வரை சபையின் கசநோய் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1950இல் சுமார் 54,000 மாணவர்களைக் கொண்டு பீ.சீ.ஜீ. தடுப்பூசியை அப்பிரிவு பரிசோதித்தது. 1953 முதல் 2005 வரை இந்நாட்டுப் பாடசாலைகளில் அந்த ஊசி போடப்பட்டது. இங்கே படித்த எங்கள் பிள்ளைகள் பலரின் கையிலுள்ள தழும்பு அதுதான். அதே பிரிவைச் சேர்ந்த வைத்தியர் வாலஸ் பொக்ஸ் 1956இல் சென்னைக்குச் சென்று, கசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று அங்குள்ளவர்களோடு சேர்ந்து நிறுவினார். 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சனற்றோரியங்களை மூடவைக்க உதவியது.

65 வயதில் ஓய்வுபெற்ற ஹார்ட் மில் ஹிலில் அடுத்த வேலையைத் தொடங்கினார். எங்கள் உடலின் காவற் கலங்கள் கிருமியை விழுங்கி, செரிக்கும் சாறு உள்ள சிறு பைகளை அதனோடு இணைத்து அழித்துவிடும். கசக்கிருமி மட்டும் எப்படித் தப்புகிறது? ஆம்ஸ்ரோங் என்பவரோடு சேர்ந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உயிருள்ள கிருமி அந்தப் பைகள் தன்னோடு இணையாதபடி தடுக்கிறது, செத்த கிருமியால் அது முடிவதில்லை. 1971இல் இதை வெளியிட்டார்கள். கிருமி காவற்காரனின் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறது! இன்றும் ஆராய்ச்சியாளர் இவ்வழியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரில் 'கசம்' என்ற சொல்லையே இரகசியமாகத்தான் சொல்வார்கள். கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்ற பயம். இங்கு வந்த பிறகும் அது போகவில்லை. உடம்பில் உறங்கும் கிருமி மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, முதுமையிலோ நீரிழிவு வந்த பின்னரோ எழும்பக்கூடும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, உடல் மெலிவு இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வழமையாக ஆறு மாதம் குளிசை எடுக்கவேண்டும், சுகம் வந்தாற்போல் இருந்தாலும் இடையில் நிறுத்தக்கூடாது. விசா நிலை எதுவானாலும் இங்கு கசநோய்க்குச் சிகிச்சை இலவசம்.

ஒளிவது கிருமியின் பழக்கம். அதற்கு நாங்களும் துணைபோக வேண்டாம். அடுத்த மாத உரையில் சந்திப்போம்.