டாக்டருக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தவங்க

போன எபிசோடுல ஆம்பூர் ஷூ கம்பெனிகளோட கதையைப் பேசினோம். இந்த வாரமும் நம்ம பக்கம்தான். ஆனா தோல் இல்ல, மனசு. தற்கொலை பத்தியும் கொஞ்சம் வரும். இப்போ கேக்குற நிலைமையில இல்லைன்னா, இன்னொரு நாள் கேளுங்க.

என் பெரியம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 20 வருஷத்துக்கு மேல அப்பர் தைச்சவங்க. அவங்க தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, காதுல யாரோ பேசுற மாதிரி குரல் கேக்க ஆரம்பிச்சுது. கோயில், தர்கா, மந்திரிப்பு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வேலூர் பாகாயத்துல இருக்கிற சிஎம்சி மனநல மையத்துக்குப் போனாங்க. அங்க ஒரு கண்டிஷன்: நோயாளியோட சொந்தக்காரர் ஒருத்தர் கூடவே தங்கணும். பெரியம்மா லீவு போட்டுட்டுத் தங்கினாங்க.

திரும்பி வந்தப்போ அவங்க வேற ஆளா இருந்தாங்க. எந்த மாத்திரை எப்போ, தூக்கம் குறைஞ்சா ஏன் கவனிக்கணும், குரல் கேக்குதுன்னு அவர் சொன்னா எப்படிப் பதில் பேசணும், எல்லாம் தெரிஞ்சிருந்துது. அப்புறம் தெருவுல யாருக்கு என்னன்னாலும் பெரியம்மாவைத்தான் தேடி வந்தாங்க.

ஆஸ்பத்திரியில ஆள் பத்தலை, அதான் சொந்தக்காரங்களை வேலை வாங்குறாங்கன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். தேடிப் படிச்சப்போதான் இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறே இருக்குன்னு தெரிஞ்சுது.

1950கள்ல இந்தியாவுல மனநல மருத்துவமனைன்னா பெரும்பாலும் உயரமான மதில் சுவர்தான். உள்ள விட்டுட்டு வந்தா, வீட்டுக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு அறுந்துபோயிடும். அந்தக் காலத்துலதான் அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்துலயே கூடாரம் போட்டு, குடும்பங்களை நோயாளிகளோட தங்க வச்சாரு. வேலூர்ல டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கோல்ஸ் முயற்சியில 1957ல தொடங்கின மையமும் அதே வழியிலதான் போச்சு. 1963லேயே இந்த வேலூர் முறை பத்தி அமெரிக்க மனநல மருத்துவ இதழ்ல கட்டுரை வந்திருக்கு. பிறகு டாக்டர் ஆபிரகாம் வர்கீஸ் இதைத் தொடர்ந்து வளர்த்தாரு. நோயைப் பத்தி வீட்டு ஆளுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் சிகிச்சையோட ஒரு பாகம்ங்கிறதுதான் அவங்க பிடிச்சுக்கிட்ட விஷயம்.

ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றவங்களுக்குத்தானே இது? வராதவங்க?

அதுக்கு அதே பாகாயத்துல இருந்து இன்னொரு கதை. சிஎம்சியோட சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளா கணியம்பாடி ஒன்றியத்துல வேலை செய்யுது. ஒரு லட்சத்துக்கும் மேல மக்கள் இருக்கிற பகுதி. ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தரையே சுகாதாரப் பணியாளரா பயிற்சி குடுத்து வச்சிருந்தாங்க. ஊர்ல நடக்கிற பிறப்பு, இறப்பு எல்லாத்தையும் அவங்க சொல்லுவாங்க. அந்தத் தகவல் மேல போயி, நர்ஸும் டாக்டரும் அதைச் சரிபார்ப்பாங்க. எப்படிச் செத்தாங்கன்னு வீட்டுல உக்காந்து பொறுமையா கேட்டுப் பதிவு பண்ணுவாங்க.

1994ல இருந்து 1999 வரைக்குமான இந்தக் கணக்கு 2003ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்துது. லட்சம் பேருக்கு வருஷத்துக்கு சுமார் 95 தற்கொலை. அந்தக் காலத்து அரசாங்கக் கணக்குல நாட்டோட சராசரி 10, 11தான். 2004ல லான்செட் இதழ்ல இன்னொரு கணக்கு வந்துது: 10 முதல் 19 வயசுக்குள்ள, லட்சத்துக்குப் பொண்ணுங்க 148, பசங்க 58.

நான் சாஃப்ட்வேர் ஆளு. லாக் இல்லாத சிஸ்டத்துல எரரே தெரியாது. எல்லாம் நல்லா ஓடுதுன்னு நெனச்சுக்குவோம். அப்போ தற்கொலை முயற்சியே தண்டனைக்குரிய குற்றம். போலீஸ், கேஸு, ஊர் பேச்சுக்குப் பயந்து வீடுகள்ல வேற காரணம் சொல்லிடுவாங்க. முயற்சி பண்ணினவர் கடும் மன அழுத்தத்துல இருந்தவர்னு கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாதுன்னு சொல்ற மனநலச் சட்டம் 2017லதான் வந்துது. போலீஸ்கிட்ட வராத உண்மை, பக்கத்துத் தெரு அக்காகிட்ட வந்துது.

சரி, தெரிஞ்சுக்கிட்டா போதுமா? இங்கதான் பெரியம்மா கதைக்குத் திரும்பி வரணும். ஒரு ராத்திரி, அவங்களோட லைன்ல வேலை பாத்த ஒரு அக்கா வந்து, "என்னால முடியல, இருக்கவே பிடிக்கல"ன்னு சொன்னாங்க. பெரியம்மா பாசத்துல, "பைத்தியக்காரி மாதிரி பேசாத, புள்ளைங்க மூஞ்சியப் பாரு"ன்னு அதட்டி அனுப்பிட்டாங்க. அந்த அக்கா இன்னைக்கும் நல்லா இருக்காங்க. ஆனா அதுக்கப்புறம் பெரியம்மாகிட்ட மனசு விட்டு ஒரு வார்த்தை பேசல. பெரியம்மா இன்னமும் அதை நெனச்சு வருத்தப்படுறாங்க.

பாசம் இருந்துது, அனுபவமும் இருந்துது. இந்த விஷயத்துல பயிற்சி மட்டும் இல்ல. சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல தொடங்கின சிநேகா அமைப்புல போன் எடுக்கிறவங்க நம்மள மாதிரி சாதாரண ஆளுங்கதான், தன்னார்வலர்கள். இந்த மாதிரி பயிற்சிகள்ல முதல்ல கத்துக்க வேண்டியது, அறிவுரை சொல்ற நம்ம வாயை அடக்குறது. குறுக்கிடாம கேக்கணும். சந்தேகம் வந்தா, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேக்கணும். கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆகாது. கேட்டதை ஊருக்குச் சொல்லக் கூடாது. நம்மால முடியாத இடத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

ஜிம்பாப்வேல டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006ல பாட்டிகளுக்குப் பயிற்சி குடுத்து, கிளினிக் வாசல்ல பெஞ்சு போட்டு உக்கார வச்சாரு. மனச்சோர்வை அவங்க மொழியில "ரொம்ப யோசிக்கிறது"ன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல "மனசு போட்டு குடையுது"ன்னு சொல்ற மாதிரி. இது பலன் குடுக்குதுன்னு 2016ல ஆய்வுல தெரிஞ்சுது.

இது மந்திரம் இல்ல, அதையும் சொல்லிடணும். மனச்சிதைவு நோய்க்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் பணியாளர்கள் வீட்டுக்கே போயி உதவுற முறையை இந்தியாவுல 3 இடத்துல, 282 பேர்கிட்ட ஒரு வருஷம் சோதிச்சாங்க. தமிழ்நாட்டுல அதைச் செஞ்சது சென்னை ஸ்கார்ஃப். 2014ல முடிவு வந்துது. மருத்துவமனை சிகிச்சை மட்டும் கிடைச்சவங்களை விட முன்னேற்றம் இருந்துது, ஆனா மிதமாத்தான். அதிகப் பலன் தெரிஞ்சது தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில. அங்கயும் மருந்தும் டாக்டரும் தேவைப்பட்டாங்க. பயிற்சி பெற்றவங்க டாக்டருக்குப் பதிலா வந்தவங்க இல்ல. டாக்டர் எட்டாத இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல நிக்கிறவங்க.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு இந்தத் தோல் பெல்ட்ல பொண்ணுங்க விடியக்காலையில வேன் ஏறி, நாள் முழுக்க ஒரே வரிசையில பக்கத்துல பக்கத்துல உக்காந்து தைக்கிறாங்க. யார் ரெண்டு நாளா சாப்பிடலங்கிறது சூப்பர்வைசருக்கு முன்னாடி பக்கத்து மிஷின்காரிக்குத் தெரியும். ஒவ்வொரு லைன்லயும் ஒருத்தருக்காவது இந்தப் பயிற்சி கிடைச்சா எப்படி இருக்கும்? இதைப் பெரியம்மாகிட்ட கேட்டேன். "எனக்கு அப்பவே யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்டா"ன்னாங்க.

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ பேசணும்னு தோணுச்சுன்னா, டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அடுத்த வாரம் பார்ப்போம்.