செவிக்கு எழுதிய தீவார்

நூல் படிப்பவர், பொருள் விளங்காவிடின் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டலாம். புங்குடுதீவு மடத்துவெளியில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. காற்றிற் போன சொல் போனதுதான். ஆதலால், செவிக்கென எழுதுவது தனித் தொழில்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 இல் தொடங்கிற்று. அத்தொழிலின் நுட்பங்களைத் தமிழில் நூலாக்கியவர், அண்டைத் தீவின் கரம்பொன்னிற் பிறந்த சோ. சிவபாதசுந்தரம். ‘ஈழகேசரி’ ஆசிரியராயிருந்து இலங்கை வானொலிக்கு வந்தவர். பத்திரிகைக்காரர் ஏட்டு நடையை விட்டுப் பேச்சு நடையைப் பயில்வது எளிதன்று; பழகிய கை மீண்டும் நெடுவாக்கியத்தையே நாடும். இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ எனப் பெயர் சூட்டியவரும் அவரே. 2017 வரை அப்பெயர் வானலையில் ஒலித்தது.

பயின்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது, 1954 இல் ‘ஒலிபரப்புக் கலை’யை வெளியிட்டார். அதன்பின், இத்தொழிலை நாடிய தமிழ் இளைஞர் ஆங்கில நூல்களையே நம்பியிருக்க வேண்டியதில்லை.