வாடகை ஹீட்மேப்: சிவப்பா இருந்தா காஸ்ட்லி ஏரியாவா? கடலூர், சிதம்பரத்துக்கு இது சரியா வருமா?

கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ வேலை மாறுதலில் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஏரியாவுல வாடகை எவ்வளவு?" என்பதுதான். பெருநகரங்களில் இதற்கு ஹீட்மேப் பார்க்கிறார்கள். நம்ம ஊருக்கு அது செட் ஆகுமா?

ஹீட்மேப் என்றால் என்ன?

வாடகை அதிகமுள்ள பகுதிக்கு அடர் நிறம், குறைந்த பகுதிக்கு வெளிர் நிறம் என மேப்பில் காட்டுவதுதான் ஹீட்மேப். இது புதுசு இல்லை. 1826-லேயே பிரான்ஸின் சார்லஸ் தூபேன், தன் நாட்டின் கல்வி நிலையை இப்படி நிறத்தின் அடர்த்தியால் வரைந்து காட்டினார்.

சிக்கல் எங்கே?

பல மேப்கள் ஆன்லைன் விளம்பரங்களை வைத்தே வரையப்படுகின்றன. ஆனால் மஞ்சக்குப்பத்திலும் கடலூர் முதுநகரிலும் 'டு லெட்' போர்டு, புரோக்கர், தெரிந்தவர்கள் மூலமும் வீடு கிடைக்கும். அந்த வாடகை மேப்பில் ஏறாது.

டேட்டா குறைவாக இருந்தால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, ஒரு தெருவில் 5 வீடுகளின் வாடகை ரூ.5,000, ரூ.5,500, ரூ.6,000, ரூ.6,500, ரூ.22,000 என வைத்துக்கொள்வோம். சராசரி ரூ.9,000. ஆனால் 4 வீடுகளில் வாடகை ரூ.6,500-ஐ தாண்டவில்லை. ஒரே ஒரு பெரிய வீடு தெருவையே சிவப்பாக்கிவிடும். வரிசையின் நடுவில் இருக்கும் ரூ.6,000-ஐ எடுப்பதே நியாயம்.

சிதம்பரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கு. அண்ணாமலை பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்களிடம் 'ஆளுக்கு இவ்வளவு' என வாங்குவது உண்டு. கீழவீதி பக்கம் குடும்பத்துக்கு விடும் வீட்டு வாடகையோடு இதைக் கலந்தால் கணக்கே தப்பிடும். சதுர அடிக்கு எவ்வளவு என மாற்றித்தான் ஒப்பிடணும்.

என்ன கவனிக்கணும்?

* எத்தனை வீடுகளின் டேட்டா, எந்த மாதத்தில் எடுத்தது?

* நிறம் காட்டுவது வாடகையையா, விளம்பர எண்ணிக்கையையா? சில மேப்களில் சிவப்பு என்றால் விளம்பரம் அதிகம், அவ்வளவுதான்.

* பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு சொத்து மதிப்புக்கானது, வாடகை அல்ல.

* அட்வான்ஸ் மேப்பில் தெரியாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

* வெளிர் நிறம் என்றதும் உடனே அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. மழைக்கு அந்தத் தெருவில் தண்ணி நிற்குமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்க.

தீர்வு என்ன?

அந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். பெயர், முகவரி இல்லாமல் வாடகைத் தொகையை மட்டும் வார்டு வாரியாக வெளியிட்டாலே நம்பகமான மேப் வரைய முடியும். அதுவரை ஹீட்மேப்பை எந்த ஏரியாவில் தேடலாம் என்று முடிவு செய்ய வெச்சுக்கோங்க. வாடகை பேச நேரில் விசாரிப்பதுதான் கை கொடுக்கும்.