பிரிட்டன் கட்டிய கடைசித் தவணை

2006 டிசம்பர் கடைசியில் பேப்பரில் படித்த செய்தி இது. அமெரிக்காவிடம் வாங்கிய பழைய கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டிவிட்டது. சுமார் 8 கோடியே 32 லட்சம் டாலர். கடனோ, 1945 டிசம்பரில் கையெழுத்தானது!

போரில் ஜெயித்த நாடுதான், கஜானா காலி. அமெரிக்கா இனாமாகத் தரும், இல்லாவிட்டால் வட்டியில்லாமலாவது தரும் என்று நம்பி வாஷிங்டன் போனார் பொருளாதார மேதை கெயின்ஸ். கிடைத்தது 375 கோடி டாலர், 2 சதவீத வட்டிக்கு, 50 வருடத் தவணையில்.

வட்டி பெரிதில்லை. நிபந்தனைதான் கழுத்தைப் பிடித்தது. பவுண்டைக் கொடுத்து டாலர் கேட்டால் மாற்றித் தர வேண்டும். 1947 ஜூலை 15-இல் அதை ஆரம்பித்தார்கள். டாலர் கரைந்த வேகத்தில் ஆகஸ்ட் 20-இல் நிறுத்தினார்கள். நடுவில்தான் நமக்குச் சுதந்திரம் வந்தது. யுத்தச் செலவு வகையில் அன்றைக்கு நமக்கே பிரிட்டன் 100 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி! அதில் பெரும்பகுதியை நாம் உடனே எடுக்க முடியாதபடி முடக்கியும் வைத்திருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அமெரிக்கத் தவணையை ஆறு முறை தள்ளிப் போட்டதால்தான் 2006 வரை இழுத்தது. முதல் உலகப் போர்க் கடன் பாக்கியை 1934-க்குப் பிறகு கட்டவே இல்லை. அதைப் பற்றி அந்தச் செய்தியில் மூச்சு இல்லை.